மெம்பரனஸ் நெஃப்ரோபதியும் ரிட்டக்சிமாப் சோதனைகளும்

மெம்பரனஸ் நெஃப்ரோபதி என்பது சிறுநீரகத்தைப் பாதிக்கும் ஒரு தன்னுடல் தாக்குநோய் ஆகும். சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகளில் பிறபொருளெதிரிகள் படிவதால் சிறுநீரில் புரதம் கசிகிறது, கால்கள் வீங்குகின்றன, சிலருக்குச் சிறுநீரகம் செயலிழக்கிறது. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நோய் தானாகவே தணிந்துவிடும். எனவே ஒரு மருந்து உண்மையில் பலன் தந்ததா என்று அறிவது கடினம்.

பழைய சிகிச்சைகள்

இத்தாலியின் கிளாடியோ பொன்டிசெல்லி குழுவினர், ஸ்டீராய்டையும் குளோராம்புசிலையும் மாதம் மாற்றி மாதம் ஆறு மாதங்களுக்குக் கொடுக்கும் முறையின் முடிவுகளை 1984-இல் வெளியிட்டனர். அது பலன் தந்தாலும் தொற்று, மலட்டுத்தன்மை, புற்றுநோய் ஆகிய ஆபத்துகள் இருந்தன. பின்னர் வந்த சைக்ளோஸ்போரினை நிறுத்தியதும் பலருக்கு நோய் திரும்பியது.

புதிய மருந்து

ரிட்டக்சிமாப் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட ஒரு பிறபொருளெதிரி. 1997-இல் அமெரிக்காவில் நிணநீர்ப் புற்றுநோய்க்கு ஒப்புதல் பெற்றது. இது பி உயிரணுக்களின் மேலுள்ள சிடி20 புரதத்தைப் பற்றி அவற்றை அழிக்கிறது. பிறபொருளெதிரிகளைச் சுரக்கும் உயிரணுக்கள் பி உயிரணுக்களிலிருந்தே உருவாவதால், இத்தாலியின் பெர்கமோவில் ஜியூசெப்பே ரெமுசி குழுவினர் இம்மருந்தை எட்டு நோயாளிகளுக்குக் கொடுத்து, 2002-இல் முடிவை வெளியிட்டனர். புரதக் கசிவு பாதிக்கும் மேல் குறைந்தது. ஆனால் ஒப்பீட்டுக் குழு இல்லாததால் ஐயம் நீடித்தது.

2009-இல் பாஸ்டனில் லாரன்ஸ் பெக், டேவிட் சலான்ட் குழுவினர், சுமார் 70% நோயாளிகளின் பிறபொருளெதிரிகள் சிறுநீரகத்தின் பாஸ்போலிப்பேஸ் ஏ2 ஏற்பியைத் தாக்குவதைக் கண்டறிந்தனர். அதன்பின் நோயின் போக்கை இரத்தப் பரிசோதனையிலேயே கவனிக்க முடிந்தது.

காத்திருப்பின் பலன்

75 பேர் பங்கேற்ற பிரான்சின் ஜெம்ரிடக்ஸ் சோதனையில், ஆறாம் மாதத்தில் ரிட்டக்சிமாப் பெற்றவர்களில் 35%, பெறாதவர்களில் 21% பேருக்கு நோய் தணிந்திருந்தது. புள்ளியியல்படி இவ்வேறுபாடு போதுமான சான்றாகவில்லை. தொடர்ந்து கவனித்தபோது, சராசரியாக 17 மாதங்களில் இவ்விகிதங்கள் 65%, 34% ஆயின.

வட அமெரிக்காவில் 130 பேரிடம் நடந்த மென்டர் சோதனை ரிட்டக்சிமாபைச் சைக்ளோஸ்போரினுடன் ஒப்பிட்டது. 2019-இல் வெளியான முடிவின்படி, 12 மாதங்களில் 60%, 52% என இரண்டும் நெருங்கியே இருந்தன. சைக்ளோஸ்போரினை நிறுத்திய பின், 24-ஆம் மாதத்தில் ரிட்டக்சிமாப் குழுவில் 60% பேருக்கு நோய் தணிந்த நிலை இருந்தது. மற்றக் குழுவில் அது 20% ஆகச் சரிந்தது.

இரத்தத்தில் பிறபொருளெதிரிகள் முதலில் குறைந்து, வடிகட்டிகள் மெல்லச் சீரடைந்த பின்னரே புரதக் கசிவு நிற்கிறது. சோதனையை ஆறு மாதங்களோடு முடித்திருந்தால் இம்மருந்து தோல்வியாகவே பதிவாகியிருக்கும். 2021-இல் பன்னாட்டுச் சிறுநீரக வழிகாட்டி நெறிகள் இதனை முக்கியச் சிகிச்சைகளுள் ஒன்றாகச் சேர்த்தன. எனினும், மென்டர் சோதனையில் பத்தில் நால்வருக்கு இம்மருந்தும் நிலைத்த பலன் தரவில்லை.