பியூசைரஸ் நிறுவனம்

பியூசைரஸ், அமெரிக்காவில் 1880 முதல் 2011 வரை இயங்கிய சுரங்க எந்திரத் தயாரிப்பு நிறுவனம். ஒஹாயோ மாநிலத்தின் பியூசைரஸ் ஊரில் டேனியல் ஈல்ஸும் கூட்டாளிகளும் இதை ஒரு வார்ப்பாலையாகத் தொடங்கினர். இருப்புப்பாதைகள் வேகமாகப் பரவிக்கொண்டிருந்த காலம் அது. மேட்டை வெட்டவும் பள்ளத்தைத் தூர்க்கவும் ரயில் நிறுவனங்களுக்கு எந்திரம் தேவைப்பட்டது. 1882இல் நிறுவனம் நீராவி மண்வாரி தயாரிப்பில் இறங்கியது. 1893இல் விஸ்கான்சின் மாநிலத்தின் தெற்கு மில்வாக்கிக்கு இடம்பெயர்ந்தது.

உலகம் இதன் பெயரை அறிந்தது பனாமா கால்வாயால்தான். அங்கே அமெரிக்கர்கள் இறக்கிய 102 நீராவி மண்வாரிகளில் 77 இந்நிறுவனத்துடையவை. 1906 நவம்பரில் மழைக்கு நடுவே பணியைப் பார்வையிட வந்த அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், 95 டன் பியூசைரஸ் எந்திரம் ஒன்றில் ஏறி இயக்குபவரின் இருக்கையில் உட்கார்ந்த புகைப்படம் பெரும் புகழ்பெற்றது. அந்தப் படத்தில் தெரியாத உழைப்பும் உண்டு. அக்கால மண்வாரிகள் தண்டவாளத்தின் மேல்தான் நகரும். எந்திரம் முன்னேறும்போதெல்லாம் சேற்றில் நின்று தண்டவாளத் துண்டுகளைத் தூக்கிப் போட்டவர்கள் பெரும்பாலும் பார்படோஸ் முதலிய கரீபியத் தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர்கள். கால்வாயின் வரலாற்றில் எந்திரத்துக்குச் சமமான இடம் அவர்களுக்கும் உரியது.

1911இல் வல்கன், 1927இல் ஈரி ஆகிய நிறுவனங்கள் இதனுடன் இணைந்தன. அதன்பின் பல பத்தாண்டுகளுக்குப் பியூசைரஸ்-ஈரி என்பதே பெயர். 1931இல் சிகாகோவின் மோனிகன் நிறுவனத்தில் பங்கு வாங்கியது தொலைநோக்குள்ள முடிவு. எஃகுப் பாதங்களை ஒருசேர ஊன்றி நகரும் ‘நடக்கும் டிராக்லைன்’ மோனிகனின் கண்டுபிடிப்பு.

அந்த வகையின் உச்சம், ஒஹாயோ நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் 1969இல் வேலையைத் தொடங்கிய ‘பிக் மஸ்கி’. இதன் எடை ஏறத்தாழ 12,200 டன். நீண்ட கையின் நுனியிலிருந்து இரும்புவடத்தில் தொங்கும் வாளி, ஒரே அள்ளலில் 168 கன மீட்டர் மேல்மண்ணை வாரியது. 1991இல் நிறுத்தப்படும்வரை இது அகற்றிய மண் சுமார் 46 கோடி கன மீட்டர். கந்தகம் மிகுந்த ஒஹாயோ நிலக்கரிக்குத் தேவை குறைந்ததும், மின்செலவு ஏறியதும் இதை முடக்கின. 1999இல் எந்திரம் உடைக்கப்பட்டது. வாளி மட்டும் சுரங்கத் தொழிலாளர் நினைவுப் பூங்காவில் வைக்கப்பட்டுள்ளது.

இத்தனை பெரிய எந்திரத்தை வாங்க உலகில் சிலரே உண்டு. நிலக்கரித் தொழில் தளர்ந்தால் தயாரிப்பாளரும் தளர வேண்டியதுதான். நிறுவனம் 1994இல் திவால் பாதுகாப்பு கோரியது. மீண்டெழுந்து, 1997இல் நெடுநாள் போட்டியாளரான மேரியனையும், 2007இல் நிலத்தடிச் சுரங்கக் கருவிகள் செய்த ஜெர்மனியின் டிபிடி நிறுவனத்தையும், 2010இல் டெரெக்ஸின் சுரங்கப் பிரிவையும் வாங்கியது. அதே ஆண்டு நவம்பரில் கேட்டர்பில்லர், கடனையும் சேர்த்து ஏறத்தாழ 860 கோடி டாலருக்குப் பியூசைரஸை வாங்கப்போவதாக அறிவித்தது. 2011 ஜூலையில் கைமாற்றம் முடிந்து, பியூசைரஸ் எந்திரங்கள் கேட்டர்பில்லர் பெயரில் விற்பனைக்கு வந்தன.