முதுகுவலியும் கிள்ளான் தோட்டத்து வரலாறும்



நொச்சியிலை ஒத்தடத்தைப் பாட்டி வைத்தியம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அதனுள் நம்மவர் உழைப்பின் வரலாறே அடங்கியிருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிள்ளான் வட்டார இரப்பர்த் தோட்டங்களில் நம் முன்னோர் விடியுமுன் 'பெரட்டு'க்கு நின்றனர்; குனிந்தும் நிமிர்ந்தும் மரம் சீவினர்; நிறைந்த பால்வாளிகளைக் காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் சுமந்தனர். இடுப்பும் நரம்பும் வலித்தபோது கைகொடுத்தது தமிழகத்துக் கைவைத்தியம்: நொச்சியிலையை விளக்கெண்ணெயில் வதக்கித் துணியில் முடிந்து, பொறுக்கும் சூட்டில் ஒற்றுவர். இறுகிய தசை தளரும். இத்தகைய இலைமுடிப்பு ஒத்தடத்தை ஆயுர்வேதம் 'பத்திரபிண்ட சுவேதம்' என்கிறது.

ஆயினும் அது மட்டும் போதவில்லை. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஊதிய உயர்வோடு முறையான மருத்துவ வசதியையும் கேட்டனர். அவர்களுக்குக் கைவைத்தியம் மரபு மட்டுமன்று, வேறு வழியின்மையும்கூட.

இன்று நமக்கு வழி உண்டு. கால் மரத்துப்போனாலோ, வலுவிழந்தாலோ, சிறுநீரை அடக்க இயலாவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் வாங்கும் தைலம் அதற்கு ஈடாகாது.

பாட்டியிடம் மருந்தை மட்டுமன்று, வலி வந்த கதையையும் கேட்டு எழுதி வருமாறு நம் பிள்ளைகளைப் பணிப்போம்.