பேரணியும் சபையும்: குழந்தை நல அமைப்புகள் யாருக்குப் பதில் சொல்கின்றன?

மைசூரு மாவட்டத்து ராமாபுரம் போன்ற ஒரு சிற்றூரில், குழந்தை நல அமைப்பைச் சீர்திருத்தக் கோரிப் பொதுப் பேரணி ஒன்றைத் திரட்ட முற்படுவோர் முதலில் சந்திக்கும் சிக்கல், ஊர்வலம் எந்த வாசலில் போய் நிற்பது என்பதே. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி குழந்தை நலக் குழு என்பது ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட, நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரம் பெற்ற மாவட்ட அளவிலான அமைப்பு. ஊரில் இருப்பவையோ அங்கன்வாடியும் பள்ளியும் கிராமப் பஞ்சாயத்தும் மட்டுமே. முடிவெடுக்கும் இடத்திற்கும் குழந்தை வாழும் இடத்திற்கும் இடையிலான இந்தத் தொலைவே குழந்தை நல வரலாற்றின் மையச் சிக்கல்.

குழந்தைகளின் பெயரால் நடந்த பெருங்கூட்டங்களுள் புகழ்பெற்றது 1885 ஆகஸ்ட் 22 அன்று இலண்டன் ஹைடு பூங்காவில் கூடியது. சிறுமியர் பாலியல் தொழிலுக்கு விற்கப்படுவதைப் பற்றி இதழாசிரியர் டபிள்யூ. டி. ஸ்டெட் ஜூலை மாதம் வெளியிட்ட கட்டுரைத் தொடர் நகரையே உலுக்கியிருந்தது. இசைவு வயதை 13இலிருந்து 16ஆக உயர்த்திய சட்டம் கூட்டத்திற்குச் சில நாட்கள் முன்பே நிறைவேறிவிட்டது. அதைச் செயற்படுத்த வேண்டும் என்பதே கூடியோரின் கோரிக்கை. வெள்ளுடை அணிந்த சிறுமியர் வண்டிகளில் அழைத்து வரப்பட்டனர். அவர்கள் அங்குக் காட்சியாக இருந்தனர், பேசியவர்கள் பெரியவர்கள். அச்சட்டத்தால் விரிந்த அதிகாரம் பெரிதும் காவல்துறையின் கைக்கே சென்றது. ஏழைப் பெண்கள் வசித்த விடுதிகள் மூடப்பட்டன. காக்கப்பட வேண்டியவர்களுள் பலர் கண்காணிக்கப்படுபவர்களாயினர்.

இந்தியாவில் கூட்டம் எதிர்த்திசையிலும் திரண்டது. கணவனால் உயிரிழந்த சிறுமி பூல்மணியின் வழக்கிற்குப் பின் இசைவு வயதை 10இலிருந்து 12ஆக உயர்த்தும் மசோதா வந்தபோது, அதை எதிர்த்து 1891இல் கல்கத்தா மைதானத்தில் பெருந்திரள் கூடியது. சமயமும் அயலாட்சியும் அங்கே விவாதப் பொருள்களாயின. குழந்தையின் நிலை பின்னுக்குத் தள்ளப்பட்டது. ஆகவே கூட்டத்தின் அளவு எதற்கும் சான்றாகாது. அங்கே யார் பேசினார்கள், யார் பதில் சொன்னார்கள் என்பவையே வரலாற்றாய்வாளர் கேட்க வேண்டிய கேள்விகள்.

அக்கேள்விகளுக்குப் புதிய விடை ஒன்று கருநாடகத்தில் உருவானது. பெங்களூரைத் தளமாகக் கொண்ட 'கன்சர்ன்ட் ஃபார் வொர்க்கிங் சில்ட்ரன்' அமைப்பின் துணையுடன், 1990இல் உழைக்கும் சிறார்களின் சங்கமாகப் பீமசங்கம் தோன்றியது. திடீர்ச் சோதனை நடத்திச் சிறாரை வேலையிலிருந்து 'மீட்டு', மாற்றுவழி எதுவும் இல்லாமல் விட்டுவிடும் முறையை அச்சங்கம் எதிர்த்தது. குழந்தை வேலைக்குச் செல்வதற்கான காரணங்கள் ஊரிலேயே இருக்கின்றன என்பது அதன் வாதம்: எட்டாத் தொலைவிலுள்ள பள்ளி, விறகுக்கும் தண்ணீருக்கும் நடக்கும் நடை, மழைக்காலத்தில் ஓடையைக் கடக்கப் பாலமின்மை. 1990களின் நடுவில் குந்தாப்பூர் வட்டாரத்தில் குழந்தைகள் தேர்ந்தெடுத்த 'மக்கள' பஞ்சாயத்துகள் இயங்கத் தொடங்கின. கன்னடத்தில் 'மக்களு' என்றால் குழந்தைகள். பழந்தமிழிலும் அப்பொருள் உண்டு என்பதற்குக் குறளின் 'மக்கட்பேறு' என்னும் அதிகாரப் பெயரே சான்று.

2006இல் கருநாடக அரசின் ஊரக வளர்ச்சி, பஞ்சாயத்து ராஜ் துறை, ஒவ்வொரு கிராமப் பஞ்சாயத்தும் குழந்தைகளின் கிராம சபையை நடத்த வேண்டும் என ஆணையிட்டது. ஆண்டுக்கொருமுறை கூடும் இச்சபையில் குழந்தைகள் கேள்வி எழுப்புவர். பஞ்சாயத்துத் தலைவரும் பள்ளி, சுகாதாரம், அங்கன்வாடி முதலிய துறைகளின் அலுவலர்களும் எதிரே அமர்ந்து பதில் சொல்ல வேண்டும். பேரணியில் மக்கள் அலுவலகத்தை நாடிச் செல்கின்றனர். இங்கே அலுவலகம் ஊரை நாடி வருகிறது. தொலைவு குறைவதோடு, ஏட்டில் பதிவான கேள்விக்கு அடுத்த ஆண்டும் விடை கேட்க முடிகிறது.

இதனால் பேரணி பயனற்றதாகிவிடாது. ஆனால் அதன் கோரிக்கை துல்லியமாக வேண்டும். குழந்தை நலக் குழு பற்றிய முறையீட்டை மாவட்ட நடுவரிடம் அளிக்கலாம் என்பதும், குழுவின் செயற்பாட்டை அவர் மூன்று திங்களுக்கு ஒருமுறை ஆய்வு செய்ய வேண்டும் என்பதும் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27ஆம் பிரிவிலேயே உள்ளவை. சம்பூர்ணா பெஹுரா வழக்கில் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும் காலிப் பணியிடங்களை நிரப்ப வேண்டும் என வலியுறுத்தியது. காலியிடம் எத்தனை, ஆய்வு எந்நாளில் நடந்தது, பிரித்தனுப்பப்பட்ட குழந்தை இன்று எங்கே இருக்கிறது எனக் கேட்கும் ஊர்வலத்தை வாழ்த்துரையால் அனுப்பிவிட முடியாது.

சபைக்கும் ஓர் ஆபத்து உண்டு. நவம்பர் 14 அன்று பாட்டும் இனிப்புமாக அது முடிந்துவிட்டால், ஹைடு பூங்காவின் வெள்ளுடைச் சிறுமியர் மீண்டும் மேடையேறியதாகவே பொருள். அலுவலர் வராத நாளில் அந்த வெற்று நாற்காலியைப் பதிவேட்டில் குறிக்கச் செய்வதும், விடையில்லாக் கேள்வியை அடுத்த சபையில் முதற்பொருளாக வைப்பதும் சிறிய செயல்கள். ஆயினும் வீட்டிலும் விடுதியிலும் துன்புறும் ஒரு குழந்தையின் சொல் மாவட்ட அலுவலகம் வரை சென்று சேர்வதற்கு, ஊரில் இருக்கும் வழி அதுவே.