நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் தனிமங்களும்

கடலூர் மாவட்டம் நெய்வேலியில் கிடைக்கும் பழுப்பு நிலக்கரி (லிக்னைட்), கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்த மரஞ்செடிகளிலிருந்து உருவான எரிபொருள் ஆகும். வெட்டியெடுக்கும்போது அதன் எடையில் ஏறக்குறைய பாதி நீர். எஞ்சியதில் பெரும்பங்கு கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய மூன்று தனிமங்கள். நைட்ரஜனும் கந்தகமும் சிறிதளவு உள்ளன. வேதி வினைகளில் அணுக்கள் அழிவதில்லை, சேர்க்கை மட்டுமே மாறுகிறது என்னும் விதிக்கு நெய்வேலியின் வரலாறு நல்ல எடுத்துக்காட்டு.

சுரங்கம்

1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டியபோது நீருடன் கரிய பொருள் வெளிவந்தது. பின்னர் நடந்த ஆய்வுகள் அங்கே பரந்த நிலக்கரிப் படுகை இருப்பதை உறுதிசெய்தன. 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் நிறுவப்பட்டது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் நிலக்கரிப் படுகை எட்டப்பட்டது. சோவியத் ஒன்றியத்தின் உதவியுடன் அமைந்த அனல்மின் நிலையம் 1962இல் மின் உற்பத்தியைத் தொடங்கியது. சுரங்கத்திற்காகப் பல ஊர்களும் விளைநிலங்களும் கையகப்படுத்தப்பட்டன. இழப்பீடும் வேலையும் கேட்டு எழும் கோரிக்கைகள் இன்றும் தொடர்கின்றன.

எரிதலும் அணு அமைப்பும்

அணுவின் நடுவில் நேர்மின்னூட்டம் கொண்ட கரு உண்டு என்பதை 1911இல் ரூதர்போர்டு விளக்கினார். எலக்ட்ரான்கள் குறிப்பிட்ட பாதைகளில் கருவைச் சுற்றுகின்றன என்ற மாதிரியை 1913இல் போர் முன்வைத்தார். கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கையே அணு எண். அதுவே ஓர் அணு எந்தத் தனிமம் என்பதை முடிவு செய்கிறது.

கார்பனின் அணு எண் 6. அதன் எலக்ட்ரான்கள் 2, 4 என அமைந்துள்ளன. வெளிக்கூட்டில் எட்டு நிறைய இன்னும் நான்கு தேவை. ஆக்சிஜனின் அணு எண் 8. எலக்ட்ரான்கள் 2, 6. அதற்கு இன்னும் இரண்டு தேவை. ஆகவே ஒரு கார்பன் அணு இரண்டு ஆக்சிஜன் அணுக்களுடன் எலக்ட்ரான்களைப் பகிர்ந்து கார்பன் டை ஆக்சைடு ஆகிறது. 12 கிலோ கார்பன் முழுமையாக எரிய 32 கிலோ ஆக்சிஜன் தேவை. கிடைப்பது 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அடுப்பில் கரி "தீர்ந்துபோனது" என்கிறோம்; அதிலிருந்த கார்பன் அணு ஒவ்வொன்றும் காற்றில் இருக்கிறது.

உரம்

காற்றில் சுமார் 78 விழுக்காடு நைட்ரஜன். ஆனால் இரு நைட்ரஜன் அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகியிருப்பதால் பயிர்கள் அதை நேரடியாகப் பயன்படுத்த இயலாது. நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் இணைத்து அம்மோனியா தயாரிக்கும் ஹேபர்–போஷ் முறை 1913இல் ஜெர்மனியில் தொழிற்சாலை அளவில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு வேண்டிய ஹைட்ரஜனைப் பெறுவதே பெருஞ்செலவு.

1966இல் தொடங்கிய நெய்வேலி உர ஆலையில் முதலில் பழுப்பு நிலக்கரியை வளிமமாக்கி ஹைட்ரஜன் பெறப்பட்டது. அம்மோனியாவும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து யூரியா உருவானது. வயலில் இட்ட யூரியா சிதையும்போது நைட்ரஜன் பயிருக்குக் கிடைக்கிறது. கார்பன் மீண்டும் காற்றில் கலக்கிறது. இந்த ஆலை 2002இல் மூடப்பட்டது.

காற்றில் பழைய கார்பன்

பெரும்பாலான கார்பன் அணுக்களில் 6 புரோட்டான்களும் 6 நியூட்ரான்களும் உள்ளன. 8 நியூட்ரான்கள் கொண்ட கார்பன்-14 கதிரியக்கம் உடையது. ஏறத்தாழ 5730 ஆண்டுகளில் அதில் பாதி சிதைந்துவிடும். உயிருள்ள மரத்தில் இது சிறிதளவு இருக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்திருந்த நிலக்கரியில் அது எஞ்சியிருப்பதில்லை.

இந்த வேறுபாட்டைக் கொண்டு, காற்றில் நிலக்கரி, பெட்ரோலியம் போன்றவற்றின் கார்பன் கலந்துவருவதை மர வளையங்களிலிருந்து 1955இல் ஹான்ஸ் சூஸ் காட்டினார். நெய்வேலியில் எரிந்த கரியும் அந்தக் கணக்கில் அடங்கும். மின்சாரம் பயன்படுத்தப்பட்டவுடன் தீர்ந்துவிடுகிறது. அதற்காக எரித்த கார்பனில் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் காற்றில் தங்குகிறது.