ஒரே வரைபடம், பெயருக்கொரு விலை

தமிழ்நாட்டில் சிங்கர் என்றால் தையல் மிஷின்தான். அந்த சிங்கர் கம்பெனி, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்குவதற்குச் சற்று முன்பு, அந்நாட்டு ராணுவத்துக்காக 500 கைத்துப்பாக்கிகள் செய்து கொடுத்தது. அவற்றில் ஒன்று 2017-இல் ஏலத்துக்கு வந்தபோது 4,14,000 டாலருக்குப் போனது. அதே வரைபடத்தின்படி, அதே 0.45 அங்குலத் தோட்டாவுக்காக ரெமிங்டன் ராண்ட் கம்பெனி செய்த துப்பாக்கி இன்று சில ஆயிரம் டாலருக்குக் கிடைக்கிறது. ரெமிங்டனும் நமக்குப் பழகிய பெயர்தான். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகளில் விரல் ஒடியத் தட்டிய தலைமுறை அதை மறந்திருக்காது.

இரண்டுக்கும் மூலம் ஜான் பிரௌனிங் என்ற அமெரிக்கர் வடிவமைத்த பிஸ்டல். சோதனையில் 6,000 தோட்டாக்களைச் சுட்டும் ஒருமுறைகூடச் சிக்காமல் தேறியதால், 1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. அதனால் பெயரே 1911 ஆயிற்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து ஐரோப்பாவில் போர் மூண்டபோது ராணுவத்துக்கு ஒரு கவலை வந்தது. துப்பாக்கித் தொழிற்சாலைகள் மட்டும் போதாது. துல்லியமாக இரும்பு கடையத் தெரிந்த மற்ற கம்பெனிகளுக்கும் இந்த வேலையைப் பழக்கிவிட வேண்டும். அப்படிப் பழக்குவதற்காகவே கொடுத்த சின்ன ஒப்பந்தம்தான் சிங்கருக்குக் கிடைத்த அந்த 500.

சிங்கர் ஆட்கள் அதைச் சின்ன வேலையாக நினைக்கவில்லை. நியூ ஜெர்சியின் எலிசபெத் நகரில் ஊசியும் பாபினும் ஓடும் பாதையை மயிரிழை பிசகாமல் கடைந்து பழகிய கைகள் அவர்களுடையவை. துப்பாக்கியின் பாலிஷும் பொருத்தமும் போர்க்காலச் சரக்கு என்று சொல்ல முடியாத தரத்தில் அமைந்தன. அதைப் பார்த்த ராணுவம் எடுத்த முடிவு வேறாக இருந்தது. இவ்வளவு துல்லியம் தெரிந்தவர்களைப் பிஸ்டலில் வீணாக்குவானேன் என்று, பீரங்கிகளுக்குக் குறி கணிக்கும் கருவிகளைச் செய்யும் பணியை அவர்களிடம் ஒப்படைத்தது. சிங்கரின் துப்பாக்கி வேலை 500-உடன் நின்றது. பெரும்பாலானவை விமானப் படையினரிடம் போயின; போரில் பல தொலைந்தன.

ரெமிங்டன் ராண்ட் எதிர்த் திசையில் போனது. நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸில் பழைய டைப்ரைட்டர் ஆலையில் தொடங்கியபோது தடுமாற்றம்தான். ஒரு துப்பாக்கியின் உறுப்பு இன்னொன்றில் பொருந்தவில்லை. குறைகளைக் களைந்த பிறகு உற்பத்தி வேகம் பிடித்தது. போர் முடிவதற்குள் ஏறத்தாழ ஒன்பது லட்சம் செய்து தள்ளினார்கள். ரயில்வே சிக்னல் செய்யும் யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல் கம்பெனியும் 55,000 செய்தது. சந்தை இந்த எண்ணிக்கைகளை அப்படியே தலைகீழாகப் படிக்கிறது: ஒன்பது லட்சம் மலிவு, ஐம்பத்தைந்தாயிரம் நடுவாந்திரம், ஐந்நூறு கோடீஸ்வரர் பண்டம். துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடின் பக்கவாட்டில் பொறித்த ஒரு வரி மட்டுமே விலையை நூறு மடங்கு மாற்றும் என்றால் போலிகள் வராமலா இருக்கும்? வேறு கம்பெனித் துப்பாக்கியில் எழுத்தைச் சுரண்டிவிட்டு சிங்கர் முத்திரையைக் குத்தி விற்ற ஆட்களும் உண்டு.

அரிது என்பதால் வந்த விலை இது. வரைபடத்துக்குள்ளேயே எழுதப்பட்ட விலை என்று வேறொன்று இருக்கிறது. அதற்கு ஜெர்மனியின் லூகர் பிஸ்டலைப் போல் உதாரணம் கிடையாது.

ஹ்யூகோ போர்ஷார்ட் 1893-இல் செய்த பருத்த பிஸ்டலைச் செதுக்கிச் சீராக்கியவர் கியோர்க் லூகர். 1900-இல் சுவிஸ் ராணுவமும், 1904-இல் ஜெர்மன் கடற்படையும், 1908-இல் ஜெர்மன் தரைப்படையும் அதை ஏற்றன. சுட்டவுடன் குழல் சற்றே பின்னால் நகர, அதன் பின்னுள்ள இணைப்பு முழங்காலைப் போல மேல்நோக்கி மடங்கி, காலித் தோட்டாவை வெளியே வீசிவிட்டு மறுபடி நிமிர்ந்து பூட்டிக்கொள்ளும். பார்க்க அழகு. செய்பவருக்குத்தான் பாடு. அந்த மூட்டின் ஒவ்வொரு முகமும் முழு எஃகுக் கட்டியிலிருந்து மில்லிங் மிஷினில் படிப்படியாக வெட்டி எடுக்க வேண்டியது. பிறகு அனுபவசாலி ஃபிட்டர் அரம் பிடித்து இழைத்து, ஒன்றோடொன்று சேர்த்துப் பார்ப்பார். ஒரு துப்பாக்கிக்கென்று இழைத்த உறுப்பு இன்னொன்றில் சரியாக உட்காராமல் போகலாம் என்பதால், வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைச் சின்னச் சின்ன உறுப்புகளில்கூடக் குத்திவைத்தார்கள்.

பழைய லூகர் ஒன்றை வாங்க வருபவர் பூதக்கண்ணாடியோடு முதலில் தேடுவது அந்த எண்களைத்தான். விசையில் 47, பக்கத் தகட்டில் 47, மடங்கும் மூட்டில் 47 என்று எல்லாம் ஒத்துப்போனால் ஒரு விலை. ஒரே ஓர் உறுப்பு வேறு எண்ணில் இருந்தால் விலை சரியும். அடுத்து நிறத்தைப் பார்ப்பார். உடல் முழுவதும் கருநீலம். விசையும் பூட்டும் நெம்புகோலும் மட்டும் வைக்கோல் மஞ்சள். பளபளப்பாகத் தீட்டிய எஃகைச் சூடேற்றி, அந்த மஞ்சள் ஏறிய கணத்தில் நிறுத்திப் பெற்ற நிறம் அது. கருநீலமும் லேசில் வருவதல்ல. எஃகில் வேண்டுமென்றே துருவேற்றி, கொதிநீரில் இட்டு, கம்பித் தூரிகையால் தேய்த்து, மீண்டும் துருவேற்றி என்று பல சுற்று நடக்கும்.

இத்தனை உழைப்பு போர்க்கால அவசரத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. குறைந்த நேரத்தில் செய்துவிடக்கூடிய வால்தர் பி38-ஐ ஜெர்மன் ராணுவம் 1938-இல் தேர்ந்தெடுத்தது. மௌசர் ஆலை 1942-இல் ராணுவத்துக்கான லூகர் உற்பத்தியை நிறுத்தியது. சுவிஸ்காரர்களும் 1929-இல் கடைசல் வேலையைக் குறைத்து லூகரை எளிமையாக்கிப் பார்த்து, பிறகு 1949-இல் வேறு பிஸ்டலுக்கு மாறிவிட்டார்கள்.

லூகர் சந்தையில் மனதை உறுத்தும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நாஜி ஆட்சியின் முத்திரை இருந்தால் சில துப்பாக்கிகளுக்கு விலை ஏறுகிறது. ஃபிட்டரின் கைக்குக் கொடுக்கும் பணத்தை மதிக்கலாம். அந்தக் கழுகுச் சின்னத்துக்குக் கொடுக்கும் பணத்தில் மதிக்க ஒன்றுமில்லை.

லூகர் பிறந்த அதே காலத்தில் பெல்ஜியத்தின் எஃப்.என். ஆலை பிரௌனிங்கின் இன்னொரு வடிவமைப்பைச் செய்துகொண்டிருந்தது. மடங்கும் மூட்டு எதுவும் அதில் இல்லை. சிறிய தோட்டா, குழல் அசையாமல் நிற்கும், ஸ்லைடின் எடையும் ஒரு வில்லும் சேர்ந்து வெடிப்பின் வேகத்தைத் தாங்கிக்கொள்ளும். எளிமை என்றால் மலிவு, மலிவு என்றால் பரவல். 1900-ஆம் ஆண்டு மாடல் மட்டும் ஏழு லட்சத்தைத் தாண்டியது. 1904-இல் ஹெல்சிங்கியில் ரஷ்ய ஆளுநர் பாப்ரிகோவைச் சுட்டது அந்த மாடல். 1909-இல் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானின் இட்டோ ஹிரோபுமியைச் சுட்டதும் அதுவே. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் கையில் இருந்ததும் பெல்ஜியத்தில் செய்த ஒரு பிரௌனிங்தான். லூகரைப் போல விலை மிகுந்த துப்பாக்கியாக இருந்திருந்தால் இப்படி ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்திருக்காது. இன்றும் சாதாரணமான 1900 மாடல் சில நூறு டாலருக்குக் கிடைக்கிறது.

கைவேலையின் விலையைப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் காட்டியது கோல்ட் கம்பெனியின் பைத்தான் ரிவால்வர். 1955-இல் வந்தபோது விலை 125 டாலர்; அன்றைக்கு அது பெரிய தொகை. உள்ளே இருந்த பொறியமைப்பு அந்தக் கம்பெனியின் பழைய பாணி. விசையை இழுக்கும்போது வழுக்கிக்கொண்டு போக வேண்டுமானால், உள்ளுறுப்புகளை ஒருவர் உட்கார்ந்து சாணைக்கல்லால் கையாலேயே தீட்டியாக வேண்டும். வெளியே, முகம் தெரியும் அளவுக்குத் தீட்டியபின் ஏற்றிய நீலம். இந்தக் கைப்பழக்கம் உள்ளவர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டே வந்தார்கள், சம்பளச் செலவு ஏறியது, உற்பத்தி நின்றது. நின்றபின் பழைய பைத்தானின் விலை பல மடங்காயிற்று. 2020-இல் கோல்ட் அதை மறுபடி கொண்டுவந்தபோது உள்ளமைப்பை மாற்றி, உறுப்புகளைக் குறைத்து, கணினி இயக்கும் மிஷின்களே துல்லியத்தைப் பார்த்துக்கொள்ளும்படி செய்துவிட்டது. அறிமுக விலை 1,499 டாலர். சுடுவதற்குப் புதியதில் குறையில்லை. ஆனாலும் பழைய நீலத்துக்கு அதைவிடக் கூடக் கொடுத்து வாங்க ஆட்கள் இருக்கிறார்கள்.

பிடித்த கைக்காகவும் விலை ஏறும். 1873-இல் அமெரிக்க ராணுவம் சுமார் 13 டாலருக்கு வாங்கத் தொடங்கிய மாடல், கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன். முதல் தலைமுறையிலேயே மூன்றரை லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. அவற்றில் ஒன்றால்தான் ஷெரீஃப் பாட் காரெட் 1881-இல் பில்லி த கிட் என்ற கொள்ளைக்காரனைச் சுட்டார். அந்தத் துப்பாக்கி 2021-இல் 60 லட்சம் டாலருக்கும் மேல் ஏலம் போனது.

இந்தக் கணக்குகளையெல்லாம் கவிழ்க்கிற ஒரு துப்பாக்கி உண்டு: லிபரேட்டர். எதிரி பிடித்த நாடுகளில் போராளிகளுக்கு வீசுவதற்காக, 1942-இல் ஜெனரல் மோட்டார்ஸின் விளக்குத் தொழிற்சாலை சில மாதங்களுக்குள் பத்து லட்சம் செய்தது. தகட்டை அச்சில் அடித்து, வெல்டு வைத்து ஒட்டிய பண்டம். உள்ளே மரை வெட்டாத குழல். ஒரு தடவைக்கு ஒரு தோட்டா. அடுத்ததைப் போட, காலி உறையைக் குச்சியால் குத்தித் தள்ள வேண்டும். அடக்க விலை இரண்டு டாலர் சொச்சம். போருக்குப் பின் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டார்கள். எஞ்சியவை இன்று ஆயிரக்கணக்கான டாலர் பெறுகின்றன. நன்றாகக் கடைந்து செய்த ரெமிங்டன் ராண்ட் பிஸ்டலுக்குச் சமமாக அந்தத் தகரம் நிற்கிறது.

இந்தியாவில் நிலைமை இன்னும் வேறு. 1980-களின் நடுவில் தனியாருக்கான துப்பாக்கி இறக்குமதியை அரசு நிறுத்தியது. அதற்குமுன் நாட்டுக்குள் வந்துவிட்டவை மட்டுமே ஒரு லைசென்ஸ்காரரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறின. பர்மிங்காமில் செய்த வெப்லி அண்ட் ஸ்காட் 0.32 ரிவால்வர், இங்கிலாந்தில் யாரும் அபூர்வம் என்று சொல்லாத ஒன்று, இங்கே லட்சங்களில் விலை பேசப்பட்டது. கான்பூர் ஆயுதத் தொழிற்சாலையின் 0.32 ரிவால்வர் வெப்லியின் வழிவந்ததுதான். ஆனாலும் வாங்குபவர்கள் பழைய பர்மிங்காம் முத்திரையையே கேட்டார்கள். புதிதாக வர வழியில்லாதிருந்த நாட்டில், நாற்பது ஆண்டு தேய்ந்த துப்பாக்கியை விற்பவர் சொன்னதே விலையாக இருந்தது.