ஓர் அரசாணையும் ஏழு நீதிபதிகளும்

கொல்லிமலை அடிவாரத்து முள்ளுக்குறிச்சியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளை, விண்ணப்பத்துடன் சாதிச் சான்றிதழையும் இணைக்கின்றது. அச்சிறு தாளின் பின்னே நிற்கும் வழக்குகளை நம்மில் பலர் அறியோம். வெள்ளி விழாக் காணும் நம் சங்கத்தார் அவற்றை அறிந்திருத்தல் நலம்.

நீதிக்கட்சி ஆட்சியில் வேரூன்றிய வகுப்புவாரி அரசாணை, விடுதலைக்குப் பின்னர் கல்லூரி இடங்களைப் பதினான்கு பதினான்காகப் பகிர்ந்தது. பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிசனர் என்று அன்று குறிக்கப்பட்ட நம்மவர்க்கு 2, ஆங்கிலோ இந்தியர்க்கும் கிறித்தவர்க்கும் 1, இசுலாமியர்க்கு 1. பதினான்கில் இரண்டு என்பது பெரிதன்று. ஆயினும் அவ்விரண்டும் நமக்கு உறுதியாயிருந்தன.

அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த 1950-இலேயே செண்பகம் துரைராசன் என்னும் அம்மையார் அவ்வாணையை எதிர்த்துச் சென்னை உயர்நீதிமன்றம் சென்றார். வியப்பு யாதெனில், அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்திருக்கவே இல்லை! ஆயினும் வழக்கு வென்றது. 1951 ஏப்ரல் 9-இல் உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக ஆணை செல்லாதென்றனர். நலிந்தோர் கல்வியைப் பேணுக எனும் நெறிமுறை, அடிப்படை உரிமைக்குக் கீழ்ப்பட்டதே என்பது அவர்தம் கருத்து.

தமிழகம் கொதித்தது. பெரியார் கிளர்ச்சி நடத்தினார். சட்ட அமைச்சராயிருந்த டாக்டர் அம்பேத்கர், அத்தீர்ப்பு மனநிறைவு தரவில்லை என்று நாடாளுமன்றத்திலேயே கூறினார். 1951 சூன் 18-இல் முதல் திருத்தம் நிறைவேறி, 15(4) என்னும் உட்பிரிவு பிறந்தது. தீர்ப்புக்கும் திருத்தத்துக்கும் இடையே எழுபது நாட்களே!

அத்தகைய விரைந்த மறுமொழி இன்று போதாது. 1973 ஏப்ரல் 24-இல் கேசவானந்த பாரதி வழக்கில், பதின்மூன்று நீதிபதிகளுள் எழுவர், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றமும் மாற்ற இயலாதென்றனர். மறுமொழியையே சோதிக்கும் அதிகாரம் நீதிமன்றத்தின் கைக்கு வந்தது. 1992-இல் மண்டல் வழக்கில் ஐம்பது விழுக்காட்டு வரம்பு வலியுறுத்தப்பட்டபோது, தமிழ்நாடு தன் 69 விழுக்காட்டை 1993-இல் சட்டமாக்கி, மறு ஆண்டே 76-ஆம் திருத்தத்தால் ஒன்பதாம் அட்டவணையில் சேர்ப்பித்தது. 2007-இல் ஒன்பது நீதிபதிகள், 1973-க்குப் பின் அங்கே சேர்ந்த சட்டங்களும் ஆய்வுக்குட்பட்டவையே என்றுவிட்டனர். கோட்டைக்குள் வைத்த பொருளுக்கும் திறவுகோல் வேறொருவரிடம்!

மக்கள் தேர்ந்தோர் இயற்றியதை, மக்கள் தேராதோர் தடுப்பது முறையோ என்று சினப்பது எளிது. ஆனால் பெரும்பான்மையால் மட்டும் நம் உரிமை காக்கப்படும் என நம்பவும் நம் வரலாறு இடந்தரவில்லை. பட்டியல் சாதியாரை உட்பிரித்தல் ஆகாதென 2004-இல் ஐந்து நீதிபதிகள் கூறினர். 2024 ஆகத்து 1-இல் எழுவருள் அறுவர், ஆகும் என்றனர். இடையே 2009-இல் தமிழ்நாடு அருந்ததியர்க்கு மூன்று விழுக்காடு உள்ஒதுக்கீடு அளித்திருந்தது. அவ்வழிக் கல்லூரி புகுந்த பிள்ளைகள் பலர், தீர்ப்பு வருமுன்னரே பட்டம் பெற்றுப் பணியிலும் அமர்ந்துவிட்டனர்.