பரமபதமும் பாவ புண்ணியக் கணக்கும்

அறத்தை ஏட்டிற் படிப்பதினும் விளையாட்டிற் பயிலும்போது அது இளையோர் உள்ளத்தில் எளிதிற் பதியும். இதனை எம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர் என்பதற்குப் பரமபத சோபானப் படமே சான்றாகும். ஏணி புண்ணியம், பாம்பு பாவம், உச்சியிலே வீடுபேறு. தமிழகத்தில் வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்திருப்போர் இதனை ஆடுவது நெடுநாள் வழக்கம்.

வடநாட்டில் இதற்கு ஞான சௌபட் என்று பெயர். அங்கே வைணவர் பலகைகளில் 72 கட்டங்களும் சமணர் பலகைகளில் 84 கட்டங்களும் வகுக்கப்பட்டிருந்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்விளையாட்டு இங்கிலாந்து சென்றது. 1943இல் அமெரிக்காவில் வெளிவந்த பதிப்பிலோ பாம்பு போய்ச் சறுக்குமரம் வந்தது. பாவம் பிள்ளைக் குறும்பாகச் சுருங்கியது.

ஆயினும் பரமபதத்தில் ஒரு குறையுண்டு. பாம்பின் வாயில் விழுந்தவன் பாவஞ் செய்தவனல்லன். தாயக்கட்டை அவ்வாறு விழுந்தது, அவ்வளவே. தானே தெரிந்து செய்யாத செயலில் அறமேது? மறமேது?

இக்குறையை நீக்க முயன்றது, ஆடுபவரே தம் வழியைத் தெரிந்தெடுக்கும் கணினிக் கதை. 1985இல் றிச்சர்ட் கரியற் என்பார் ஆக்கிய 'அல்ரிமா' நான்காம் பாகத்தில் கொல்லப்படவேண்டிய பெரும் பகைவன் எவனுமில்லை. இரக்கம், வாய்மை, நீதி, பணிவு முதலிய எட்டுக் குணங்களையும் வளர்த்து 'அவதாரம்' ஆவதே குறிக்கோள். அங்கே கண்பார்வையற்ற ஒரு பெண் மூலிகை விற்கிறாள். அவளுக்குக் குறைந்த காசு கொடுத்து ஏமாற்றலாம், எவரும் தடுக்கமாட்டார். ஆனால் உள்ளே மறைவாக வாய்மைக் கணக்குக் குறைந்துவிடும். சித்திரகுத்தனார் ஏடு போன்றதே இதுவும்!

ஆயின், கணக்கொன்றே போதுமா? சைவ சித்தாந்தம் நல்வினையைப் பொன்விலங்கென்றும் தீவினையை இரும்புவிலங்கென்றும் கூறும். இருவினையும் ஒப்பாகும் நிலையே வீட்டிற்கு வழி. புண்ணியத்தை எண்ணிச் சேர்ப்பவன் வணிகனாவான், பத்தனாகான்.

மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில் எமது ஆலயங்களிற் படிக்கப்பெறும் திருவாதவூரடிகள் புராணத்தை நினைமின். குதிரை வாங்கத் தந்த அரசன் பொருளை அடிகள் சிவப்பணிக்குச் செலவிட்டார். அரசன் ஏட்டில் அது குற்றம். இறைவன் ஏட்டில் அன்பு. ஒரே அளவுகோலுடைய விளையாட்டு அடிகளைக் கள்வர் என்றே தள்ளிவிடும். அதற்காக அரசனின் கேள்வியை மறைத்தலும் தகாது. கொடுத்த பொருளுக்குக் கணக்குக் கேட்பது அவன் கடமை. இரண்டு ஏடுகளையும் ஒருங்கே காட்டுவதுதான் அக்கதையின் பெருமை.

அதே வரலாற்றில், பிட்டுக்கு மண்சுமந்த பெருமான்மேல் பாண்டியன் ஓங்கிய பிரம்பின் அடி, அடித்த அவன்மேலும் எல்லா உயிர்கள்மேலும் பட்டது. எவரும் புள்ளி குறைக்கவில்லை. செயலே திரும்பிவந்து அரசனுக்கு உண்மையை உணர்த்திற்று.

கணினிக் கலை பயிலும் எம் இளைஞர் நாளை நம் புராணக் கதைகளை விளையாட்டாக்க முன்வருவர். அவர்கட்கு யாம் கூறுவது இதுவே: பாவத்துக்கு எண் இடாதீர், அதன் வலி யாரைச் சென்றடைகிறது என்பதைக் காட்டுங்கள்.